சித்தியின் பேரைக் கெடுத்த சொற்கள்

ஒருவருடைய பேரைக் கெடுப்பதற்கு நம் ரப்பர்த் தோட்டத்தில் எத்தனை சொற்கள் புழங்கின என்று நம் வயதுக்காரர்கள் யாராவது யோசித்துப் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். மரத்துக்கும் பாலுக்கும் மழைக்கும் இருந்த சொற்களைவிட அதற்குத்தான் அதிகம் இருந்தன.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தவை வேறு. அவதூறு, களங்கம், இழுக்கு, பழி. அவற்றைக் கட்டுரையில் எழுதி ஆசிரியரிடம் நல்ல பேர் வாங்கினோம். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் யாரும் 'அவதூறு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே 'பேசிக்கிறாங்க' என்பார்கள். 'அவ ஒரு மாதிரி' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். என்ன மாதிரி என்பதைக் கேட்பவர்தான் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். 'கதை கட்டிவிட்டாங்க', 'நாற அடிச்சிட்டாங்க', 'வாயில போட்டு மென்னுட்டாங்க' என்பதெல்லாம் காரியம் முடிந்த பிறகு, பரிதாபப்படுகிறவர்கள் சொல்வது. 'அபாண்டம்' என்ற சொல்லும் இருந்தது. அதை அடிபட்டவர் மட்டுமே சொல்லக் கேட்டிருக்கிறேன். அடித்தவர்கள் தங்கள் காரியத்துக்கு எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களைக் கேட்டால், 'நான் உள்ளதத்தான் சொன்னேன்' என்பார்கள். அதோடு சரி.

இந்தச் சொற்கள் அத்தனையையும் ஒரே சித்திரையில், ஒரே ஆளின் மேல் போட்டார்கள். அந்த ஆள் என் சித்தி. இதைப் படிக்கிறவர்களில் சிலர் அன்றைக்குக் கோயில் வாசலில் என்னோடு நின்றவர்கள். பின்னல் போட்டுக்கொண்டு, வாயில் கச்சான் கடலை மென்றுகொண்டு நின்றீர்கள். உங்களுக்கும் எல்லாம் தெரியும். தெரிந்தும் இன்று 'அதெல்லாம் பழைய கதை, எதுக்கு இப்ப?' என்கிறீர்கள். அதனால்தான் வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில் ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையில் இறங்கி, செம்மண் பாதையில் உள்ளே நடந்தால் முதலில் ரப்பர்ப் பால் சேர்க்கும் பால் ஸ்டோர், அடுத்து கோயில், அதற்குப் பின்னால் ஆயாக்கொட்டகை. சித்தி அந்தக் கொட்டகையின் ஆயா. அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். கல்யாணம் ஆகவில்லை. முதலில் புல் வெட்டும் வேலைக்குப் போனார். பழைய ஆயா ஓய்வெடுத்ததும் அந்த வேலை இவருக்குக் கிடைத்தது. புல் வெட்டுகிறவர் முதுகு நிமிர்ந்து, வெள்ளைச் சட்டை போட்டு, நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு வந்தது எங்கள் வீட்டில் பெரிய விஷயம். அதைவிடப் பெரிய விஷயம், தோட்டத்துத் தாய்மார்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பால் எடுக்க மரம் வெட்டப் போனது.

அந்தக் கொட்டகை உங்களுக்கு நினைவிருக்கிறதா? பலகைச் சுவர், தகரக் கூரை. குறுக்கே ஓடிய உத்தரத்தில் வரிசையாகக் கயிறுகள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாரோங்கு வரும். அதைக் கயிற்றில் கட்டித் தொட்டிலாக்குவார்கள். பச்சைக் கட்டம் போட்டது ஒரு வீட்டுடையது, ஊதாப் பூப் போட்டது இன்னொரு வீட்டுடையது. தொட்டிலைப் பார்த்தே உள்ளே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிப்பதற்கு முன்பே தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து போடுவார்கள். பால்புட்டி, துணிமூட்டை, 'இன்னைக்கி சளியா இருக்கு, பாத்துக்க' என்று ஒரு வார்த்தை. பிறகு வாளியும் உளியுமாக ஓடுவார்கள். சித்தி எல்லாத் தொட்டிலையும் வரிசையாக ஆட்டிக்கொண்டே நடப்பார். டின் பால் காய்ச்சிய வாசமும், பவுடர் வாசமும், தூரத்துப் பால் ஸ்டோரிலிருந்து வரும் அந்தப் புளித்த நாற்றமும் சேர்ந்து ஒரு வாசம் அங்கே இருக்கும். நாற்றம் என்று நான் இப்போது எழுதுகிறேன். அப்போது அது நம் மூக்குக்குத் தெரிந்ததே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கித்தா என்று நாம் சொல்லும் ரப்பர் எரிகிற வாசமும் அப்போது நம் மூக்குக்குத் தெரியாது. விறகடுப்பைப் பற்றவைக்க எல்லா வீட்டிலும் காய்ந்த ஒட்டுப்பால் இருக்கும். மரத்தில் வெட்டின காயத்தோடு ஒட்டிக் காய்ந்து கிடப்பதை உரித்துக்கொண்டு வந்து அடுப்படியில் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு துண்டைக் கிள்ளிக் கொளுத்தினால் கரும்புகையோடு பற்றி எரியும், ஈர விறகும் பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் நமக்குச் சோறு வெந்தது.

அந்த வருடம் கோயில் தீமிதிக்குச் சித்தி வழக்கம்போலக் காப்புக் கட்டியிருந்தார். எதிர்வீட்டு அக்காவும் கட்டியிருந்தார். அவருடைய கைக்குழந்தைக்கு மாசி மாதத்தில் இழுப்பு வந்து, பத்து காஜா ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூக்குழி இறங்குவதாக அக்கா நேர்ந்துகொண்டிருந்தார். ஆனால் திருவிழாவன்று காலையில் அவர் வீட்டுக்கு விலக்காகிவிட்டார். அழுதுகொண்டே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏய், நீதான் என் பிள்ளைய தூக்கிட்டு எறங்கணும். உன்னையத் தவிர யார் கையிலயும் அது இருக்காது" என்றார் சித்தியிடம்.

"இதுக்குப் போயி அழுவாங்களா அக்கா? தெனமும் நான்தான தூக்குறேன். இன்னைக்கும் தூக்குனா போச்சு" என்றார் சித்தி.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. காலையிலேயே கித்தாக் கட்டைகளை அடுக்கிக் கொளுத்தியிருந்தார்கள். நெருப்பு கனிந்து வரும் நேரம். தகரத் தட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஓடினார்கள். நடுவில் காப்பாற்றிவிட்டார்கள். ஓரமெல்லாம் நனைந்து கறுத்துப் புகைந்தது. கோயில் தலைவர் பெரிய மண்டோர். தோட்டத்தில் வேலை பிரிப்பவரும் அவரே, திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொள்பவரும் அவரே. ஆற்றுக்குப் போன பக்தர்கள் கரகத்தோடு திரும்பி வருகிற உறுமிச் சத்தம் அதற்குள் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் இரண்டு பேரைப் பால் ஸ்டோருக்கு அனுப்பினார். அவர்கள் கோணிப்பையில் ஒட்டுப்பால் கொண்டுவந்தார்கள். நனைந்த ஓரங்களில் கொட்டி, மேலே காய்ந்த கட்டைகளைப் போட்டு எரியவிட்டார்கள். குபுகுபுவென்று பற்றிக்கொண்டது. எல்லாருக்கும் நிம்மதி. மண்டோரின் யோசனையைப் பாராட்டினார்கள்.

யாரும் ஒளித்துச் செய்யவில்லை. கோணிப்பையை நான் பார்த்தேன், நீங்கள் பார்த்தீர்கள், எதிர்வீட்டு அக்கா தூரத்தில் தன் வீட்டுப் படியில் நின்று பார்த்தார். தினமும் அடுப்பில் செய்வதைக் குழியில் செய்தார்கள். அடுப்பில் நாம் கால் வைப்பதில்லை என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆண்கள் முதலில் இறங்கினார்கள். நடுவில் நடந்து போனார்கள். பெண்கள் பின்னால். கடைசியில் சித்தி, மஞ்சள் சேலையும் இடுப்பில் வேப்பிலையுமாக, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. குழந்தையின் அப்பா குழிக்கு வெளியே கூடவே நடந்தார், பிள்ளை பயந்து துள்ளினால் எட்டிப் பிடிப்பதற்கு. அதனால் சித்தி ஓரமாகவே நடக்க வேண்டியிருந்தது. ஒட்டுப்பால் கொட்டின ஓரம். பாதி வழியில் அவருடைய கால் ஒரு நொடி எழும்பவில்லை. பிடுங்கி எடுத்து வைத்தார். மறுபடியும் அப்படி. ஓடவில்லை. குழந்தையை இன்னும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே நடையில் நடந்து, முடிவில் கால் நனைக்கப் பசும்பால் ஊற்றி வைத்திருந்த பால் குழியில் இறங்கி, பிள்ளையை அதன் அப்பாவிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். குழந்தை அழக்கூட இல்லை. வேப்பிலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

பால் குழியில் கறுப்பாக ஏதோ மிதந்தது. சித்தியின் இரண்டு உள்ளங்காலிலும் தோல் இல்லை.

அந்த இடத்திலேயே முதல் சொல் விழுந்தது. கூட்டத்தில் ஒரு பெண்குரல், மெதுவாக, ஏறக்குறைய இரக்கமாக:

"சுட்டிருச்சா? காப்புக் கட்டினவளுக்குச் சுடுமா? என்ன கொறையோ."

கொறை. எவ்வளவு சின்னச் சொல் பாருங்கள். விரதத்தில் ஏதோ குறை. சோற்றில் உப்புக் குறைவதுபோல. அன்று ராத்திரி அவ்வளவுதான் இருந்தது. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அது 'சுத்தமில்ல' ஆனது. "அவ சுத்தமா இல்ல. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல பாத்தியா? அது பச்சப்பிள்ள, சுத்தம். தூக்கினவளுக்குத்தான் சுட்டுச்சு." குழந்தையை மேலே தூக்கிப் பிடித்ததால்தான் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் காப்பாற்றிய பிள்ளையையே அவருக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்தினார்கள்.

காயத்துக்கு மருந்து போட்டவர் தோட்டத்து டிரெஸ்ஸர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், நாம் எல்லாரும் அவருடைய ஊசிக்குப் பயந்தவர்கள். சித்தியின் காலிலிருந்து இடுக்கியால் எதையோ உரித்து எடுத்து வெள்ளைத் தட்டில் போட்டார். கறுப்பாக, பசையாக இருந்தது.

"இது வெறும் நெருப்புச் சுட்ட காயம் இல்லைப் பிள்ளை. ரப்பர் உருகி ஒட்டிக் கிடக்கு. இஞ்ச பாரும்" என்று என் அம்மாவிடம் காட்டினார். பிறகு வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "குழியில ரப்பரைக் கொட்டிப்போட்டு, மனுசரை அதுக்கு மேல நடக்கவிட்டது ஆர்?" என்று கேட்டார்.

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "அவருக்கென்ன, கோயில் பக்கமே வராத ஆளு. சாமி விஷயம் அவருக்கு எங்க தெரியும்?" என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் சொன்னதை எவ்வளவு சுலபமாகத் தட்டிவிட்டார்கள். தெரியாதவர்கள் சொன்னது மட்டும் வீடு வீடாகப் போனது.

குறை என்றால் என்ன குறை என்று ஒரு காரணம் வேண்டுமல்லவா? அதைக் கள்ளுக்கடையில் ஆண்கள் கண்டுபிடித்தார்கள். பெண்கள்தான் புறம் பேசுவார்கள் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். 'ஒரு மாதிரி' என்ற சொல் அந்தக் கள்ளுக்கடைப் பலகையிலிருந்துதான் எழுந்து வந்தது. கொட்டகைக்குத் தினமும் ரொட்டிக்காரர் வருவார். மோட்டார் சைக்கிளின் பின்னால் கண்ணாடிக் கதவு வைத்த தகரப் பெட்டி, ரப்பர்ப் பந்தை அமுக்கினால் பாம் பாம் என்று அலறும் ஊதுகுழல். பிள்ளைகளுக்கு நிர்வாகம் கொடுக்கும் ரொட்டியை அவர்தான் கொண்டுவந்து இறக்குவார். இறக்கிவிட்டு ஒரு வாய் காப்பித் தண்ணி குடிப்பார், வெளி வாசலில் நின்றபடியே. இத்தனை நாளாக அவர் குடித்தது காப்பித் தண்ணி. இப்போது அது வேறு என்னவோ ஆகிவிட்டது.

"ரொட்டி எறக்க அவ்வளவு நேரமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். முழுக் கதையும் அவ்வளவுதான். கண்ணும் மூக்கும் காதும் வைத்து மறுநாள் அது எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது, சித்தி காப்புக் கட்டிய நாட்களில் ரொட்டிக்காரரோடு ஈப்போவுக்குப் படம் பார்க்கப் போனதாக இருந்தது. சித்தி அந்த நாட்களில் கோயிலையும் கொட்டகையையும் தவிர எங்கும் போகவில்லை. அது எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அந்த நாட்களில் அவர்களுடைய பிள்ளைகள் அவர் மடியில்தான் இருந்தன.

ரொட்டிக்காரருக்கும் அது எட்டியிருக்க வேண்டும். பிறகு அந்த ஊதுகுழல் நம் தோட்டத்தில் கேட்கவே இல்லை.

கொஞ்சம் ஆறியதும், காலில் துணி சுற்றிக்கொண்டு, குதிகாலால் நடந்து சித்தி கொட்டகைக்குப் போனார். முதல் நாள் பச்சைக் கட்டம் போட்ட சாரோங்கு இல்லை. அந்த வீட்டுத் தாய், "ஊர்லேர்ந்து மாமியார் வந்திருக்காங்க, பிள்ளைய அவங்க பாத்துக்குவாங்க" என்றார். அடுத்து இன்னொன்று போனது. "பிள்ளைக்குக் காய்ச்சல்." இன்னொன்று. "இங்க கொசு கடிக்குதாம்." ஒருவர்கூட உண்மைக் காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டார்கள். தொட்டில்கள் ஒவ்வொன்றாக அவிழ, உத்தரத்தில் வெறும் கயிறுகள் தொங்கின. பிள்ளைகளைக் கித்தாக் காட்டுக்குத் தூக்கிப் போய், இரண்டு மரத்துக்கு நடுவே துணி கட்டிப் போட்டுவிட்டு மரம் வெட்டினார்கள். கொசு மொய்க்கும், அட்டை ஏறும் அந்த இடம், என் சித்தியின் கையைவிடப் பத்திரம் என்று முடிவு செய்தார்கள்.

எதிர்வீட்டு அக்காவின் ஊதாப் பூச் சாரோங்கு கடைசியாகத்தான் போனது. அன்று காலையில் சித்தி வாசலில் நின்று காத்திருந்தார். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொட்டகையைத் தாண்டி, பார்க்காமல் நடந்தார். பிள்ளை சித்தியைப் பார்த்துக் கையை நீட்டியது. பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் அதைப் பார்த்தேன். அக்கா பிள்ளையின் கையை மடக்கித் தன் தோளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

சித்திக்குப் போனது வேலை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 'இவளிடம் பிள்ளையைக் கொடுக்கலாம்' என்பதுதான் அவருடைய பேர். அவரிடம் வேறு சொத்து எதுவும் கிடையாது.

என் அம்மாவைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அம்மாவுக்குத் தங்கையின் மேல் உயிர். ஆனால் அவர் சொன்னது இதுதான்: "நீ வாயக் குடுக்காத. நாம பேசுனாத்தான் பெருசாகும். சும்மா இருந்தா அதுவா அடங்கிரும்."

அதுவா அடங்கவில்லை. யாரும் பதில் சொல்லாத சுவரில் தினமும் எழுதுவதுபோல எழுதிக்கொண்டே போனார்கள். அம்மா கெட்டிக்காரி, வீட்டுக்காக எத்தனையோ சரியான முடிவுகள் எடுத்தவர். இந்த ஒன்றில் அவர் கணக்கு தப்பு. மானமுள்ளவர்கள் பேசாமல் இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், பேசுகிறவர்களுக்கு வசதியாக அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை பூசைக்குப் பிறகு கோயிலில் கூட்டம் போட்டார்கள். சித்தியை வரச் சொன்னார்கள். நம் தோட்டத்தில் ஒருவர் மேல் பழி வந்தால் சாமி முன்னால் சூடம் ஏற்றி, 'நான் செய்யவில்லை' என்று சொல்லிக் கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா சித்தியைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனார். நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

மண்டோர் அன்பாகத்தான் பேசினார். அது இன்னும் மோசம்.

"ஒன்னைய இங்க யாரும் தப்பாச் சொல்லலம்மா. நாலு பேரு பேசிக்கிறாங்க. கோயில் விஷயம் பாரு. ஒரு சூடத்த அமத்திட்டுப் போயிரு. அவங்க வாயி மூடிரும்."

"யாரு மாமா அந்த நாலு பேரு? இங்கதான எல்லாரும் இருக்காங்க. முன்னாடி வரச் சொல்லுங்க" என்றார் சித்தி.

"அப்படி ஆளக் காட்டிச் சொல்ல முடியுமா?"

"என் பேர மட்டும் சொல்ல முடியுது."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பூசாரி தட்டில் சூடத்தை வைத்து ஏற்றிவிட்டார். சித்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்துவிடுங்கள், அணைத்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"சரி, அமத்துறேன்" என்றார் சித்தி. "ஆனா மொதல்ல நீங்க வாங்க மாமா. குழியில ஒட்டுப்பால் போடலன்னு சொல்லி நீங்க ஒரு தடவ அமத்துங்க. அதுக்கப்புறம் நான்."

மண்டோரின் முகத்தில் இருந்த அன்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து. ஸ்டோரிலிருந்து சொல்லாமல் எடுத்தது துரைக்குத் தெரிந்தால் அவருடைய வேலைக்கு ஆபத்து. ஆனால் அவர் வாயில் வந்தது அது இல்லை.

"கோயில் பேரைக் கெடுக்கப் பாக்குறியா?" என்றார்.

அதைத்தான் இத்தனை வருடமாக என்னால் விழுங்க முடியவில்லை. கோயிலுக்கு ஒரு பேர். மண்டோருக்கு ஒரு பேர். அவை கெட்டுவிடக் கூடாது. அதற்காக இன்னொருத்தி பேரை எடுத்து நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் செய்தவர்கள் அவரைப் பார்த்துப் பேரைக் கெடுக்காதே என்றார்கள்.

அங்கே நின்ற ஒவ்வொருவரும் கோணிப்பையைப் பார்த்தவர்கள். ஒருவர், ஒரே ஒருவர், 'ஆமாண்ணே, போட்டமே' என்று சொல்லியிருந்தால் போதும். குழந்தையின் அப்பா தூணில் சாய்ந்து நின்றார். குழி ஓரத்தில் அவரோடு கூடவே நடந்தவர். எதிர்வீட்டு அக்கா பெண்கள் பக்கத்தில், பிள்ளையோடு. ஒருவரும் பேசவில்லை. தட்டில் சூடம் யாரும் தொடாமல் எரிந்து, தானாக அணைந்து, கறுப்பாக ஒரு வட்டம் விட்டது. "பொம்பளைக்கு இம்புட்டு வாயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அன்று முதல் சித்திக்கு இன்னொரு பேரும் சேர்ந்தது: வாய்க்காரி.

அவர் சூடத்தை அணைக்கவில்லை என்பது மட்டும்தான் வெளியே போனது. எதனால் அணைக்கவில்லை என்பது கோயில் வாசலைத் தாண்டவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி என் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைகள் வராத கொட்டகைக்கு ஆயா எதற்கு என்று நிர்வாகம் கேட்பதாகச் சொன்னார். கணக்காகப் பேசினார், கோபமாக அல்ல. சித்தி ஈப்போவுக்குப் போய்விட்டார். தூரத்து உறவினர் வீட்டில் ஓர் அறை, பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. போகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரிய பாதையிலேயே நடந்தார், குழாயடி வழியாக. குழாயடியில் நின்றவர்கள், "போயிட்டு வாம்மா, ஒடம்பப் பாத்துக்க" என்றார்கள். உண்மையாகவே சொன்னார்கள், அதுதான் எனக்குப் புரியாதது.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு நான் தோட்டத்தில்தான் இருந்தேன். அன்று நான் கண்டதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். குழிக்குக் கட்டை அடுக்குமுன் பெரிய மண்டோர் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டையையும் புரட்டிப் பார்த்து, ஒட்டியிருந்த ஒட்டுப்பாலைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். "ஒரு பொட்டு இருக்கக் கூடாது. நல்லாப் பாருங்கடா" என்றார். பையன்கள் உளியை வைத்துச் சுரண்டினார்கள். ஒருவர்கூட 'எதுக்குண்ணே?' என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த மாலையில் யாருக்கும் கால் சுடவில்லை. "இந்த வருஷம் எல்லாரும் சுத்தமா இருந்திருக்காங்க" என்று பேசிக்கொண்டார்கள்.

சுரண்டின ஒட்டுப்பால் ஓரமாகக் குவிந்து கிடந்தது. திருவிழா முடிந்ததும் அடுப்புக்கு ஆகுமென்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போனார்கள்.

பள்ளி விடுமுறைகளில் நான் சித்தியோடு ஈப்போவில் போய் இருப்பேன். அவரோடு வேலை செய்த மலாய்க்கார அம்மா ஒருவர் பக்கத்தில் குடியிருந்தார். சித்தி அவரை மலாயில் 'காக்', அக்கா, என்று கூப்பிடுவார். ஒரு நாள் சித்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது உள்ளங்காலைப் பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டார். சித்தி தன் உடைந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அந்த அம்மா ஒரே ஒரு சொல் சொன்னார்: "பித்னா." அதற்கு இல்லாததைச் சொல்லிப் பழி சுமத்துவது என்று அர்த்தம். அதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. பெரிய பாவம் ஒன்றின் பெயரைச் சொல்லும்போது மாறுமே, அப்படி. நம் தோட்டத்தில் அதே காரியத்துக்கு அத்தனை சொற்கள் இருந்தும், முகம் மாறி ஒருவரும் ஒன்றையும் சொன்னதில்லை. வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார்கள். குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே சொன்னார்கள்.

எண்பதுகளின் கடைசியில் தோட்டம் கைமாறியது. கித்தாவை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள். ஆட்கள் தெலுக் இந்தானுக்கும் கமுந்திங்குக்கும் ஈப்போவுக்குமாகப் பிரிந்து போனார்கள். மண்டோர் நல்ல மனிதர் என்ற பேரோடு காலமானார், பெரிய ஊர்வலம். அதற்குக் கொஞ்ச காலம் கழித்து ஈப்போவில் ஒரு திருமண மண்டபத்தில் பழைய தோட்டத்து ஆட்கள் நிறையப் பேரை ஒன்றாகப் பார்த்தோம். சித்தி அப்போது தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டு வந்தவர்களிடம் பதில் சொன்னதும் இல்லை.

சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தபோது எதிர்வீட்டு அக்கா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். தலை நரைத்திருந்தது. கூடவே பாவாடை தாவணியில் உயரமான ஒரு பெண். அக்கா சித்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை.

"எத்தன வருஷமாச்சு. இது யாருன்னு தெரியுதா? நீ தூக்கிட்டு எறங்குன பிள்ளைதான்."

சித்தி அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டார். "நல்லா வளந்திருச்சு" என்றார். "படிக்கிறியாம்மா?"

"அஞ்சாம் பாரம், ஆன்ட்டி. ஸ்கூல்ல கடைசி வருஷம்" என்றாள் அவள்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "அப்ப ஏதேதோ பேசுனாங்க. அந்தத் தோட்டத்து ஜனங்க வாயி தெரியுமே ஒனக்கு. ஆனா எங்க வீட்டுல ஒரு வார்த்த சொன்னதில்ல. சத்தியமா. நானோ அவரோ ஒன்னையப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசுனதில்ல."

நான் சித்தியைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. கையை உருவிக்கொள்ளவும் இல்லை. மண்டபத்தின் மறுபக்கத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், பாட்டுச் சத்தம் பெரிதாக இருந்தது, ஆனாலும் அவர் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"தெரியும் அக்கா. நீங்க ஒண்ணுமே பேசல" என்றார். "அன்னைக்கிக் காலையில நான் வாசல்ல நின்னப்ப பிள்ளையக் கொண்டாந்து விட்டிருக்கலாம்."

அந்தப் பெண் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா? எங்க கொண்டுபோயி விடணும்?" என்று கேட்டாள்.